அந்த நாலு வார்த்தையை முதலில் எழுதியது யார்?

சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு, கெஸ்லர் மில்ஸ் மெதடிஸ்ட் தேவாலயத்தின் பின்னறையில், துப்பறியும் நிபுணி அடீல் ஜெர்பி ஒரு பழைய கடிதத்தை வெறுப்போடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடிதத்தின் மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. அதைக் கண்டுபிடித்த ஆள்மேல்தான். அந்த ஆள், கிளார்க் ரவுடன்புஷ், எதிர் நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான். புது கோட்டு, புது டை. இன்று மாலை ஐந்து மணிக்கு அறுவடை விருந்தில் முந்நூறு பேருக்கு முன்னால் அவன் இந்தக் கடிதத்தைப் படிக்கப் போகிறான்.

"படிச்சாச்சா அடீல்?"

"இன்னும் இல்ல."

"ஒரே ஒரு பக்கம்தானே. பத்தொன்பது வருஷமா இதே வேலையா இருந்தவங்களுக்கு இவ்வளவு நேரமா ஆகும்?"

பத்தொன்பது வருஷம் என்பதை அவன் வேண்டுமென்றேதான் சொன்னான். அது போய்ச் சேர வேண்டிய இடத்தில் சரியாகச் சேர்ந்தது.

காப்பீட்டு நிறுவனங்களுக்காகப் பொய்க் கால்கட்டுகளையும், தானாகத் தீப்பிடித்துக்கொண்ட கொட்டகைகளையும் விசாரிப்பது அடீலின் பிழைப்பு. அவள் உயிர் மட்டும் வேறோர் இடத்தில் இருந்தது. அமெரிக்கக் காசிலும் டாலர் நோட்டிலும் இருக்கிறதே, 'கடவுளை நம்புகிறோம்' என்று பொருள்படும் அந்த நாலு ஆங்கில வார்த்தை, அது அங்கே எப்படி வந்து உட்கார்ந்தது என்ற ஆராய்ச்சி. 1861 நவம்பரில் ஒரு பென்சில்வேனியா போதகர் நிதியமைச்சருக்கு எழுதிய கடிதத்தில் அது ஆரம்பித்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் சொன்ன வாசகம் வேறு. இன்றைய நாலு வார்த்தை இரண்டு வருடம் கழித்து நிதித்துறையில் திருத்தித் திருத்தி வந்தது. காகித நோட்டில் ஏறுவதற்கு அதன் பிறகும் தொண்ணூறு வருடத்துக்கு மேல் ஆனது. இதையெல்லாம் அறுநூறு பக்கம் எழுதி அனுப்பினாள். மூன்று பதிப்பகங்கள், 'புதிதாக ஒன்றும் இல்லையே' என்று திருப்பி அனுப்பிவிட்டன.

புதிதாக ஒன்று இப்போது மேஜைமேல் கிடந்தது. நிதியமைச்சருக்கு எழுதிய கடிதத்தின் கைப்பிரதி. தேதி 1861, அக்டோபர். எழுதியவர் இதே தேவாலயத்தில் அன்று போதகராக இருந்த ஏசா கிம்பெல். அந்த நாலு வார்த்தையும் அட்சரம் பிசகாமல் இருந்தது. இது நிஜமென்றால் சரித்திரத்தில் முதல் நாற்காலி கெஸ்லர் மில்ஸுக்கு. பக்கத்து நாற்காலி, தபால்தலை சேகரிப்பதை விட்டுவிட்டு மூன்றே மாதமாக இதில் மூக்கை நுழைத்திருக்கும் கிளார்க்குக்கு. அடீலுக்கு நிற்க இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

"பாஸ்," என்றான் எல்வுட் டீட்ஸ், ஜன்னலோரத்திலிருந்து.

எல்வுட் அவளுடைய உதவியாளன். அவளுடைய நிறுவனத்தின் மொத்த ஊழியர் பட்டியலும் அவன்தான். வழக்கு இல்லாத நாட்களில் கடைகளுக்கு விளம்பரப் பலகை எழுதிப் பிழைப்பான்.

"என்ன?"

"கடவுளை நம்புறோம்னு எழுதின கடுதாசியை வச்சிருந்த அலமாரிக்கு எவ்வளவு பெரிய பூட்டு போட்டிருக்காங்க பாருங்க."

கிளார்க் சிரிக்கவில்லை. "அந்த அலமாரி என் கொள்ளுத்தாத்தா குடுத்தது. உள்ள இருந்த பெரிய பைபிளோட பின்னட்டைக்குள்ளதான் கடிதம் இருந்துச்சு. யாரும் திறந்து பார்க்கல. நான் பார்த்தேன்."

ஆகஸ்ட் மாதத்தில் எல்வுட் அடீலிடம் மூன்று தடவை சொன்னான்: அந்தப் பழைய பைபிளை ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் பாஸ் என்று. அவள் போகவில்லை. அந்த அலமாரிக் கண்ணாடியில் 'ரவுடன்புஷ் குடும்பத்தார் உபயம்' என்று தங்க எழுத்து மின்னும். அதற்கு முன்னால் போய் நிற்க அவளுக்கு மனம் வரவில்லை. போயிருந்தால் இன்று புது டை கட்டியிருப்பது அவளாக இருந்திருக்கும்.

தாளைப் பார்த்தாள். பழையது, அந்தக் காலத்துப் பதிவேட்டிலிருந்து கிழித்தது போலிருந்தது. மை பழுப்பேறியிருந்தது. உள்நாட்டுப் போர்ச் செய்திகள் தேதிக்குப் பொருந்தின. நிதியமைச்சர் பெயரும் சரி.

"குறை ஏதாவது அகப்பட்டுச்சா?" என்றான் கிளார்க்.

"தேடிட்டிருக்கேன்."

"தெரியுது. ரொம்ப ஆசையா தேடறீங்க."

அவள் கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

'போர்க்களத்துக்குப் போகும் பையனின் சட்டைப்பையில் கிடக்கும் காசு, அவன் கடைசியாகத் தொடும் பொருளாக இருக்கக்கூடும். அதில் ஒரு ஜெபம் இருக்கட்டும்.'

நல்ல வரி. இந்த வரியின் மேல்கூட அவளுக்குப் பொறாமை வந்தது. இப்படி ஒரு வரிக்காகத்தானே பத்தொன்பது வருடம் நூலகம் நூலகமாக அலைந்தாள்.

கடைசிப் பத்தியில் நாலு வார்த்தை. அதற்கு முன்னால் ஒரு சின்னக் குடும்பச் சமாசாரம்: 'என் வீட்டுப் பின்புறம் நான் நட்ட பேரிமரம் இந்த வருடமும் கிளை தாழக் காய்த்திருக்கிறது. பொறுத்திருந்தால் கடவுள் தருவார் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.'

"வா எல்வுட். போதகர் வீட்டுல பழைய பட்டியல் இருக்கும். கிம்பெல்னு ஒருத்தர் இருந்தாரான்னு முதல்ல பார்ப்போம்."

"இருந்தார்," என்றான் கிளார்க். "அதை நான் பார்க்காம இருப்பேனா?"

"நீங்க பார்த்ததை எல்லாம் நான் இன்னொரு தடவை பார்ப்பேன் கிளார்க். அதுக்குத்தான் என்னைக் கூப்பிட்டிருக்காங்க."

கூப்பிட்டது போதகர் ட்வைலா காம்ப். நிஜமென்றால் கிளார்க் படிக்கட்டும், போலியென்றால் விருந்துக்கு முன்னால் சொல்லிவிடுங்கள், ஊர் முன்னால் எங்கள் சபை தலைகுனியக் கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லோரையும் விட்டுவிட்டு அடீலைக் கூப்பிட்டது அவர் ஊருக்குப் புதிது என்பதால்தான். பழைய ஆளாக இருந்தால் அவளுக்கும் கிளார்க்குக்கும் உள்ள பொருத்தம் தெரிந்திருக்கும்.

போதகர் வீடு தேவாலயத்தை ஒட்டியே இருந்தது. வழியெல்லாம் எல்வுட் வாயை மூடவில்லை.

"பாஸ், ஒரு யோசனை. கடிதம் நிஜம்னே வைங்க. உங்க புத்தகத்துல அதைச் சேர்த்துக்கலாம். அறுநூத்தி ஒண்ணாவது பக்கம்."

"கிளார்க் ரவுடன்புஷ் கண்டுபிடித்ததுன்னு என் கையால எழுதணுமா?"

"சின்ன எழுத்துல போடுங்க. பூதக்கண்ணாடி இலவசம்னு அட்டையில போட்டுடலாம்."

"வாயை மூடிட்டு வா."

ட்வைலா கதவைத் திறந்தார். கையில் மாவு. விருந்துக்கு 'ஆப்பிள் பை' என்ற பலகாரம் செய்துகொண்டிருந்தார். சமையலறை முழுக்க அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஒரு பெட்டிமேல் 'குளிர்காலத் துணி' என்றும், இன்னொன்றில் 'நல்ல தட்டுகள்' என்றும் எழுதியிருந்தது.

"ஜூலையில வந்தீங்க. இன்னும் பிரிக்கலையா?" என்றான் எல்வுட்.

"பாதியை எப்பவுமே பிரிக்கறதில்ல," என்று சிரித்தார் ட்வைலா. "எங்க பிஷப்புக்கு எப்ப எந்த ஊர் ஞாபகம் வரும்னு யாருக்குத் தெரியும்? முந்தின ஊர்ல தக்காளி நட்டேன். பழுக்கறப்போ இங்க வந்துட்டேன். இந்நேரம் வேற யாரோ தின்னு முடிச்சிருப்பாங்க."

அடீலின் பார்வை அந்தப் பெட்டிகள்மேல் போனது.

அவளும் மெதடிஸ்ட் போதகரின் மகள். பதினெட்டு வயதுக்குள் ஆறு ஊர். ஒன்பது வயதில் ஒரு போதகர் வீட்டு வாசலில் லைலாக் செடி வைத்தாள். அது பூத்ததா பட்டதா என்று இன்றுவரை தெரியாது. ஒரே வீட்டில், ஒரே தெருவில் ஐந்து தலைமுறையாக வேர்விட்டுக் கிடக்கும் ரவுடன்புஷ்களைப் பார்த்தால் அவளுக்கு ஏன் பற்றிக்கொண்டு வருகிறது என்று கேட்டால், ஆராய்ச்சியெல்லாம் அப்புறம். முதல் காரணம் அந்தச் செடிதான்.

"பட்டியல் எங்க?"

கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தது. 1838-லிருந்து எல்லாப் போதகர்களின் பெயரும். ஏசா கிம்பெல், 1860 முதல் 1862 வரை. மேலே ஒருவருக்கு இரண்டு வருடம். கீழே ஒருவருக்கு இரண்டு வருடம்.

"ரெண்டு வருஷம்," என்றாள் அடீல். "அந்தக் காலத்துல அது எங்க சபையோட சட்டம். ஒரு ஊர்ல ரெண்டு வருஷத்துக்கு மேல ஒரு போதகர் இருக்க முடியாது. அறுபதுல வந்தவர், அறுபத்தொண்ணு அக்டோபர்ல தான் நட்ட பேரிமரத்துல பழம் பறிக்கறார். அதுவும் 'இந்த வருடமும்'. பேரிமரம் காய்க்கக் குறைஞ்சது நாலு அஞ்சு வருஷம் ஆகாதா?"

ட்வைலா மாவுக் கையோடு அருகில் வந்தார். "எந்த மெதடிஸ்ட் போதகரும் தான் நட்ட மரத்துல பழம் சாப்பிட்டதில்ல," என்றார் மெதுவாக.

"போலி. மாட்டினான் கிளார்க்."

அந்த நிமிடம் அடீலுக்கு இருந்த ஆனந்தத்தைச் சொல்லி முடியாது. முந்நூறு பேர். பத்திரிகை போட்டோக்காரர். பன்றித்தொடைத் தட்டுகளுக்கு நடுவே கிளார்க்கின் முகத்தில் ஈயாடாமல் போகப்போகிற அந்தக் காட்சியை அவள் மனதுக்குள் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டாள். முன்கூட்டியே ரகசியமாகச் சொல்வதா? மேடையிலேயே எழுந்து கேட்டால் என்ன? ஐயா, அந்த மரத்தில் பழம் பறித்தது யார் என்று.

"கிளார்க்கா?" என்றார் ட்வைலா. "அவர் எப்படி எழுதியிருப்பார்?"

"ஏன் எழுத மாட்டான்?"

"அவர் அஞ்சு தலைமுறையா எங்க சபை ஆளு. எனக்கு முந்தின போதகரை வழியனுப்பினப்போ நன்றியுரை சொன்னதே அவர்தானாம். எனக்கு நினைவு தெரிஞ்சு இவர் பதினோராவது போதகர்னு சொல்லி எல்லாரையும் சிரிக்க வச்சாராம். போதகர்னா பெட்டி கட்டறவங்கன்னு அவருக்கு ரத்தத்துல ஊறியிருக்குமே."

அடீல் மறுபடி பட்டியலைப் பார்த்தாள்.

அவர் சொன்னது சரி. அடுத்தவர் எழுதியதைப் படிக்கும்போது அவசரத்தில், ஆசையில், ஒன்றைத் தவற விடலாம். கிளார்க் தவறவிட்டிருக்கிறான். ஆனால் இல்லாத ஒன்றைக் கற்பனையாக எழுதும்போது நம் வீட்டில் இருப்பதுதான் பேனாவில் வரும். போதகர் என்றால் ஒரே ஊரில் இருந்து, மரம் நட்டு, அது காய்த்து, அங்கேயே கிழவராகிச் சாகிறவர் என்று நினைக்கும் ஆள்தான் இந்த வரியை எழுதியிருக்க முடியும். அவளுடைய அருமையான தடயம், அவள் ஆசைப்பட்ட குற்றவாளியை அழகாக விடுதலை செய்துவிட்டது.

ஜன்னல் வழியே எதிர்ச்சாரியைப் பார்த்தாள். அங்கே லூத்தரன் தேவாலயம். அவர்கள் வழக்கம் வேறு. சபையே போதகரைக் கூப்பிடும், வந்தவர் வந்ததுதான். அங்கே ஒருவர் முப்பத்தெட்டு வருடம் இருந்தார் என்று வாசல் கல்லிலேயே பொறித்திருக்கும். அந்தப் போதகர் வீட்டுக் கொல்லையில் கிழட்டுப் பேரிமரம் ஒன்று, இலை உதிர்த்துவிட்டு நின்றது.

"லூத்தரன்காரங்க யாரோ," என்றாள். "போதகரம்மா, அலமாரிச் சாவி யார் யார் கையில போச்சு?"

"சாவியா? அக்டோபர்ல கிளார்க் வாங்கினார். அதுக்கு முன்னாடி ஒரே ஒருத்தர்தான். ஆகஸ்ட்ல, கண்ணாடியில தங்க எழுத்து மங்கிப்போச்சு, புதுசா எழுதித் தரேன்னு ரெண்டு நாள் வச்சிருந்தார்." ட்வைலா திரும்பினார். "நீங்கதானே?"

பத்து நிமிடமாக எல்வுட் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை என்பது அடீலுக்கு அப்போதுதான் உறைத்தது.

அவன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு 'நல்ல தட்டுகள்' பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். பிறந்ததிலிருந்து லூத்தரன். ஞானஸ்நானச் சான்றிதழ்களில் பழைய காலத்து எழுத்தில் பெயர் எழுதித் தருவதற்கு அந்தச் சபையில் அவனை விட்டால் ஆள் கிடையாது.

"வெளிய வா," என்றாள்.

காருக்குள் ஏறி உட்கார்ந்தார்கள். அவள் இன்ஜினைக் கிளப்பவில்லை.

"மரம் கொஞ்சம் அதிகமாப் போச்சு இல்ல பாஸ்," என்றான். "உயிர்க்களை வரட்டும்னு போட்டேன்."

"ஏன்டா செஞ்ச?"

"ஜூன்ல மூணாவது பதிப்பகமும் திருப்பி அனுப்புச்சே. அன்னிக்கு நீங்க அந்த அறுநூறு பக்கம் இருந்த பெட்டியைத் தூக்கிக் குப்பை வண்டிப் பக்கத்துல வச்சீங்க. நான்தான் திரும்ப எடுத்து வந்தேன். புதுசா ஒண்ணு, ஒரே ஒண்ணு, கிடைச்சாப் போதும்னு சொன்னீங்க." தொப்பியைச் சுற்றினான். "உங்க கையிலதான் கிடைக்கணும்னு வச்சேன். மூணு தடவை சொன்னேன், போய்ப் பாருங்க பாஸ்னு. நீங்க போகல. நான் எடுக்கறதுக்குள்ள அந்த ஆள் சாவி வாங்கிட்டார்."

"நான் எடுத்திருந்தா? ஊரெல்லாம் சொல்லியிருப்பேனே. புத்தகமே போட்டிருப்பேன். அப்புறம் எவனாவது கண்டுபிடிச்சு என் மானத்தை வாங்கியிருப்பான்."

"ஒரு வாரம் சந்தோஷமா இருங்க, அப்புறம் நானே சொல்லிடலாம்னு நினைச்சேன். ஆனா எனக்கு இன்னொரு நம்பிக்கை. எடுத்த அஞ்சாவது நிமிஷமே நீங்களே கண்டுபிடிச்சு என்னைத் திட்டுவீங்கன்னு."

அடீல் முன்கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். விருந்துக்கு வரும் கார்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கியிருந்தன.

கண்டுபிடித்திருப்பாளா? அவள் மனம் பொய் சொல்ல மறுத்தது. அந்தக் கடிதம் அவள் கையில் கிடைத்திருந்தால், சிப்பாயின் சட்டைப்பை வரியைப் படித்து அழுதிருப்பாள். பேரிமரத்தைப் படித்து இன்னும் கொஞ்சம் அழுதிருப்பாள். ஆறு ஊர் மாறிய போதகர் மகள், அந்த மரம் அங்கே இருக்கவே முடியாது என்பதைக் கண்ணைத் திறந்துகொண்டே தாண்டிப் போயிருப்பாள். இன்று அதைப் பார்த்த கண் துப்பறியும் கண் அல்ல. கிளார்க் ரவுடன்புஷ் உருப்படக் கூடாது என்று துடித்த கண். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"பாஸ், வேலையை விட்டு எடுத்துட்டீங்கன்னா இப்பவே சொல்லிடுங்க. விருந்துல சாப்பிட்டுட்டுப் போறதா, சாப்பிடாமப் போறதான்னு நான் முடிவு பண்ணணும்."

"முதல்ல கிளார்க்கிட்ட வா. நீதான் சொல்லணும். நான் பக்கத்துல நிப்பேன்."

"மேடையிலயா?"

"சமையலறையில. கதவைச் சாத்திட்டு."

இரண்டு மணி நேரத்துக்கு முன் இப்படிச் சொல்வாள் என்று அவளிடமே யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

நாலரை மணிக்குத் தேவாலயத்துச் சமையலறையில் புளித்த முட்டைக்கோஸ் வாசனை தூக்கலாக இருந்தது. அடீல் சமைத்துக்கொண்டிருந்த பெண்களைச் சற்று நேரம் வெளியே அனுப்பினாள். கிளார்க் உரையைக் கையில் வைத்துக்கொண்டு உதட்டுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் நிமிர்ந்தான்.

"என்ன, குறை கிடைச்சுதா?"

"கிடைச்சுது. போலி." அவள் மரத்தையும் இரண்டு வருடத்தையும் நாலே வாக்கியத்தில் சொன்னாள். குரலில் கொக்கரிப்பு வந்துவிடக் கூடாது என்று கவனமாக இருந்தாள். வரவில்லை.

கிளார்க் கடிதத்தை உறையிலிருந்து எடுத்துக் கடைசிப் பத்தியைப் படித்தான். காதுமடல் சிவந்தது.

"பதினொரு பேரை வழியனுப்பினவன் நான்," என்றான். "இது என் கண்ணுல படலையே." ஸ்டூலில் உட்கார்ந்தான். "யாரு? என்னைக் கேவலப்படுத்தணும்னு யாரு செஞ்சது?"

"உங்களுக்காக வைக்கலைங்க," என்றான் எல்வுட். "நான்தான் எழுதினேன். அவங்களுக்காக. அவங்க கண்டுபிடிக்கணும்னு. நடுவுல நீங்க வந்துட்டீங்க."

கிளார்க் அவனைப் பார்த்தான். பிறகு அடீலைப் பார்த்தான். கத்துவான் என்று அவள் எதிர்பார்த்தாள். போலீஸ், வக்கீல், பத்திரிகை என்று ஏதாவது வரும் என்று காத்திருந்தாள். கதவுக்கு அந்தப்பக்கம் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது.

"எத்தனை நாள் ஆச்சு எழுத?" என்று எல்வுட்டைக் கேட்டான்.

"அந்தச் சட்டைப்பை வரி மட்டும் மூணு வாரம்."

"இவங்களுக்குத் தெரியாதா?"

"இன்னிக்குத்தான் தெரியும். காருல வச்சு ஏன்டான்னு கேட்டாங்க."

கிளார்க் உரையை நாலாக மடித்துக் கோட்டுப் பையில் வைத்தான். "போலின்னு நானே மேடையில சொல்லிக்கறேன். உன் பேரு வராது. சோறு ஆறிடும், போய் உட்காருங்க."

எல்வுட் கதவைத் திறந்து வெளியே போனான். அடீலும் திரும்பினாள்.

"அடீல்."

நின்றாள். கிளார்க் அவளைப் பார்க்கவில்லை. புது டையைத் தளர்த்திக்கொண்டிருந்தான்.

"இந்த ஊர்ல என் பேரு போட்ட அலமாரி இருக்கு, பெஞ்சு இருக்கு, ஒரு தெருவே இருக்கு," என்றான். "எனக்காக ஒருத்தன் உட்கார்ந்து ஒரு வரி பொய் எழுதினதில்ல."

அந்தக் குரலை அவளுக்கு நன்றாகத் தெரியும். அது பத்தொன்பது வருடமாக அவளுடைய தொண்டையில் இருந்த பொறாமைக் குரல்.